யாழ்ப்பாண நகரின் வரலாற்றுச் சின்னங்கள்

மாணவர்களே! யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டியோர் ஒல்லாந்தர் என்று மட்டும் எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். பின்வருவனவற்றை மனத்திற் பதியுங்கள்.

1. கோட்டை: 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்ற போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் ஐங்கோண வடிவில் மீளக் கட்டினர். 1795 இல் பிரித்தானியர் வசமாயிற்று.

2. நல்லூர்: தமிழ் மன்னரின் தலைநகர். 'ப' வடிவான யமுனா ஏரியை இன்றும் காணலாம்.

3. பொது நூலகம்: தற்போதைய இடத்தில் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பின்னர் புனரமைக்கப்பட்டது.

கவனிக்க: எழுத்துமூலச் சான்றுகள் பல அழிந்தமையால், எஞ்சியுள்ள கட்டடங்களும் கேணிகளும் மேலும் பெறுமதி வாய்ந்த தொல்பொருட் சான்றுகளாகின்றன. விடுமுறையில் நேரிற் சென்று பார்த்து, நகரப் படத்தில் இம்மூன்றையும் குறித்துப் பழகுங்கள்.