திறந்த வாயிலும் திறவுகோலும்

நுழையும்முன்

ஊர்ப் பொதுக்கிணற்றில் எவரும் நீர் இறைக்கலாம். ஆனால், அக்கிணற்றைத் தூர்வாரிக் காக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? பொதுவுடைமையான மென்பொருளுக்கும் இவ்வினா பொருந்தும்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இத்தகைய மென்பொருள்களை உலகெங்கும் தன்னார்வலர் பலர் கூடி உருவாக்குகின்றனர். பெங்களூருவும் இப்பணியில் பங்கு கொண்ட நகரமாகும். இங்குள்ள தன்னார்வலர்கள் 2001ஆம் ஆண்டு 'லினக்ஸ் பெங்களூர்' என்னும் மாநாட்டைத் தொடங்கினர். பின்னர் 2005 முதல் அது 'ஃபாஸ்.இன்' என்னும் பெயரில் நடைபெற்றது.

ஊதியமின்றி உழைப்போருக்கு விதிகள் எதற்கு என்று தோன்றலாம். ஒருவர் செய்யும் சிறு மாற்றமும் எண்ணற்ற கணினிகளைச் சென்றடையும். ஆகவே, மாற்றம் செய்யும் உரிமையை யாருக்கு அளிப்பது என்பதைக் குழு முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்.

இதற்கு 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் நல்ல சான்றாகும். அதில் உறுப்பினராக விரும்புவோரை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பித்தவரின் அடையாளம் சரிபார்க்கப்படும். திட்டத்தின் கொள்கைகளையும் நடைமுறைகளையும் அவர் அறிந்துள்ளாரா என வினாக்கள் கேட்கப்படும். அவர் ஆற்றிய பணிகளும் ஆராயப்படும். நிரல்தொகுப்புகளைப் பேணாமல், மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல் போன்ற பணிகளைச் செய்வோரையும் முழு உறுப்பினராக வரவேற்க 2010இல் நடந்த வாக்கெடுப்பு வழிவகுத்தது.

விதிகள் மட்டும் போதுமா? 2024இல் 'எக்ஸ்இசட்' என்னும் கருவியில் தீய நிரல் மறைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதைச் சேர்த்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவிகள் செய்து, பராமரிப்பு உரிமையைப் பெற்றவர். அக்கருவியின் பழைய பராமரிப்பாளரோ பணிச்சுமையால் சோர்ந்திருந்தார். தம் கணினியில் உள்நுழைவு அரை விநாடியளவு தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதன் காரணத்தைத் தேடிச் சென்று இச்சூழ்ச்சியைக் கண்டறிந்தார். நெடுநாள் உழைப்பு நம்பிக்கையை வளர்க்கும். எனினும், அந்த நம்பிக்கையுடன் பிறர் சரிபார்க்கும் முறையும் இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. ஒருவர் தோளிலேயே முழுச் சுமையையும் ஏற்றுவதும் ஆபத்தே.

தமிழகம் இச்சிந்தனைக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களின் உறுப்பினர்க்குரிய தகுதிகளைக் கூறுகின்றன. வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். முன்னர்ப் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. 919இல் வகுத்த விதிகளை 921இலேயே திருத்தி அமைத்தனர். ஆயினும், நிலவுடைமையும் அங்குத் தகுதியாக இருந்ததால் நிலமற்றோர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டுதல் பணியோடு தொடர்புடைய தகுதி. நிலவுடைமை அத்தகையதா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஆகவே, உறுப்பினர் விதி வகுப்போர் நான்கினை மனத்திற்கொள்ள வேண்டும்: தகுதி பணியோடு தொடர்புடையதாக இருத்தல், சேரும் வழி யாவர்க்கும் தெரிதல், ஒருவர் பணியை மற்றொருவர் சரிபார்த்தல், விலகுவோர் மதிப்புடன் விடைபெற வழியிருத்தல். வாயில் திறந்தே இருக்கட்டும்; திறவுகோல் மட்டும் பொறுப்புணர்ந்தோர் கையில் இருக்கட்டும்.

சொற்பொருள்

மூலநிரல் – மென்பொருளை இயக்கும் கட்டளைகளின் தொகுப்பு
வாரியம் – ஊர்ப்பணிகளைக் கவனிக்கும் குழு
சூழ்ச்சி – வஞ்சகத் திட்டம்

பயிற்சி

1. டெபியன் திட்டத்தில் உறுப்பினராகும் படிநிலைகளை எழுதுக.
2. 'எக்ஸ்இசட்' நிகழ்வு உணர்த்தும் இரு கருத்துகள் யாவை?
3. உத்திரமேரூர் விதிகளுள் இன்றும் ஏற்கத்தக்கது எது? ஏற்கத்தகாதது எது? காரணம் கூறுக.
4. உம் பள்ளிக் கணினி மன்றத்திற்கு ஐந்து உறுப்பினர் விதிகளை உருவாக்குக.