உதைப்பதா, வேண்டாமா?

கேள்வி: ரக்பியில் யார் கேப்டன் என்று ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? பயிற்சியாளர்தானே எல்லாம்?

பதில்: பயிற்சியாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பார், பெனால்டி கிடைத்தால் என்ன செய்வதென்று களத்தில் சொல்பவர் கேப்டன். 2015 உலகக் கோப்பை. வேல்ஸிடம் 3 புள்ளி பின்தங்கிய இங்கிலாந்துக்குக் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்டி. கோணம் கடினம்தான், ஆனால் அன்று 20 புள்ளி ஓவன் ஃபாரலின் காலில் வந்தவை. உதைத்தால் சமன். கேப்டன் ராப்ஷா வெற்றிக்கு ஆசைப்பட்டு லைன்-அவுட் (பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்து, அங்கிருந்து உள்ளே எறிந்து ஆடுவது) கேட்டார். வேல்ஸ்காரர்கள் இங்கிலாந்து வீரர்களை எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். 28-25. முதல் சுற்றோடு மூட்டை கட்டியாயிற்று. என்னைக் கேட்டால், உதைத்திருக்க வேண்டும்.

அடுத்து இங்கிலாந்தின் பயிற்சியாளராக வந்த எடி ஜோன்ஸ், பலமுறை தடை வாங்கிய டிலன் ஹார்ட்லியைக் கேப்டனாக்கினார். 'இந்த முரடனா?' என்று கொதித்தவர்களுக்கு 2016-லேயே கிராண்ட் ஸ்லாம் (தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி) கிடைத்தது. ராப்ஷாவும் அந்த அணியில் ஆடினார், பதவியில்லாமல்.