சேணமும் ஓர் அமானிதம்



நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் குதிரையைப் படைத்திருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். அப்படியென்றால், நம்மைச் சுமக்கும் அந்த முதுகுக்கு நம்மீது என்ன ஹக் இருக்கிறது? இன்று அதைப் பார்ப்போம்.

மதீனாவின் வெட்டவெளியில்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வெளியே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பயிற்சி கொடுத்து உடல் இறுகிய குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது 5 அல்லது 6 மைல் தூரம். பயிற்சி பெறாதவை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் 1 மைல் மட்டுமே ஓடின.

கவனியுங்கள்! எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு வைக்கப்படவில்லை. அதனதன் உடலைப் பார்த்தே தூரம் தீர்மானிக்கப்பட்டது. சேணத்துக்கும் இது பொருந்தும். ஒரு குதிரைக்குச் சரியாக அமைந்த சேணம் இன்னொன்றின் முதுகைப் புண்ணாக்கிவிடும்.

சேணம் பொருந்துகிறதா?

முதலில் துணி விரிக்காமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதற்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த இடைவெளி அடைபடக் கூடாது.

முதுகெலும்பின் மீது பாரம் இறங்கக் கூடாது. பாரத்தை இருபுறச் சதைதான் சமமாகத் தாங்க வேண்டும். சேணம் தோள்பட்டையின் அசைவைத் தடுக்கக் கூடாது. பின்னால் கடைசி விலா எலும்பைத் தாண்டவும் கூடாது. அதற்கு அப்பால் உள்ள இடுப்புப் பகுதிக்கு விலா எலும்பின் தாங்கல் இல்லை.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் வியர்வையைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே சேணம் அழுத்தியிருக்கலாம். சேணம் படும் இடத்தில் திட்டாக நரைத்த முடி, பெரும்பாலும் பழைய காயத்தின் அடையாளம்.

சேணம் இறுக்கமாக இருந்தால் சிலர் அடியில் இன்னொரு கம்பளத்தை மடித்து வைப்பார்கள். இறுகிய செருப்புக்குள் தடித்த காலுறை போட்டால் வலி குறையுமா, கூடுமா? குதிரை மெலியும், கொழுக்கும், வயதாகும். அதன் முதுகின் வடிவமும் மாறும். ஆகவே ஒருமுறை பார்த்தது போதாது.

வாயில்லா ஜீவனின் மொழி

வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை காதைப் பின்னுக்குச் சாய்க்கிறது, கடிக்க வருகிறது, விலகுகிறது. உடனே "முரட்டுக் குதிரை" என்று சாட்டையை எடுக்கிறோம். அது தன் வலியைச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பேச இயலாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்தார்கள் (அபூதாவூத்). பயணத்தில் ஓரிடத்தில் இறங்கினால், வாகனப் பிராணிகளின் சுமையையும் சேணத்தையும் அவிழ்த்த பிறகே நாங்கள் தொழுவோம் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிப்பதும் அதே நூலில் உள்ளது. தொழுகையை எவ்வளவு நேசித்தவர்கள் ஸஹாபாக்கள்! அவர்களே அந்த முதுகுக்கு முதலில் ஓய்வு கொடுத்தார்கள்.

சகோதரர்களே! குதிரை வளர்ப்பவர் மட்டுமல்ல, கடற்கரையிலும் மலையூரிலும் காசு கொடுத்துப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிற நாமும் இதில் பங்காளிகள்தான். ஏற்றும் முன் அதன் முதுகை ஒரு கணம் பாருங்கள். புண் இருந்தால் ஏறாதீர்கள். உரியவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பேச முடியாதவற்றின் வேதனையை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.