மறுத்தலும் ஐயுறலும்: ஆங்கிலச் சொற்களில் ஒரு நுண்வேறுபாடு

ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்களே. ஆயினும் இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பது மரபு எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வரையறுக்கிறார். இந்நூற்பாவைத் தேர்வுக்காக மனனம் செய்யும் நம் மாணவர்கள், ஆங்கிலம் எழுதப் புகும்போது மட்டும் இப்பார்வையைக் கைவிட்டு, அகராதியில் ஒரே தமிழ்ப்பொருள் கண்ட இரு சொற்களை ஒன்றெனவே கொண்டுவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கடிதப் படி ஒன்றுடன் வந்தார். அவர் பணியாற்றிய இடத்தில் சரக்கு வழங்குவோர் ஒருவர் கையூட்டு நீட்ட, இவர் வாங்க மறுத்திருக்கிறார். தமிழறியாத மேலதிகாரி விளக்கம் கேட்டபோது, 'ஐ டினைட் த மணி' என்று எழுதிவிட்டார். நேர்விசாரணையிலோ பணம் நீட்டப்பட்டது உண்மை என்றார். அப்படியொரு பணமே இல்லை என்று எழுதியவர் இப்போது உண்டு என்கிறாரே என அதிகாரி ஐயுற்றார். "அகராதி பார்த்துத்தான் எழுதினேன், ஐயா" என்றார் மாணவர். அகராதியும் பொய் சொல்லவில்லை!

தமிழில் 'மறுத்தல்' இரு பணிகளைச் செய்கிறது. குற்றச்சாட்டை மறுக்கிறோம், விருந்துக்கு வர மறுக்கிறோம். முன்னது ஒன்று உண்மையன்று எனல். பின்னது ஒன்றைச் செய்யவோ ஏற்கவோ உடன்படாமை. முன்னதற்கு 'டினை', பின்னதற்கு 'ரெஃப்யூஸ்' என்பது ஆங்கில வழக்கு. உரிமை, அனுமதி முதலியவற்றை ஒருவருக்கு வழங்காமையையும் 'டினை' குறிக்கும். ஆங்கும் மறுப்பவர் தரும் இடத்தில் இருப்பவரே. தமக்கு நீட்டப்பட்டதை ஏற்காதவர் செய்தது 'ரெஃப்யூஸ்'.

இதனினும் வழுக்கலான இடம் 'டவுட்', 'சஸ்பெக்ட்' என்பன. இரண்டுக்கும் சந்தேகித்தல் என்றே பொருள் எழுதுவோம். 'அவன் எடுத்திருப்பான் எனச் சந்தேகிக்கிறேன்' என்பதை 'டவுட்' இட்டுப் பெயர்த்தால், அவன் எடுத்திருக்க மாட்டான் என்னும் பொருள் பிறந்துவிடும். 'டவுட்' நம்பாமையின் பக்கம் சாய்வது. 'சஸ்பெக்ட்' நம்புதலின் பக்கம் சாய்வது. ஒருவன் மேல் பழி விழுவதும் விழாததும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. (வகுப்பில் நம் பிள்ளைகள் கை உயர்த்திக் கேட்கும் 'டவுட்' இவ்விரண்டும் அன்று, அது வெறும் வினா.)

ஆங்கிலமே நுண்ணியது என்றும் எண்ணற்க. நூறு ரூபாய் வாங்கினாலும் குடை வாங்கினாலும் ஆங்கிலத்தில் 'பாரோ' ஒன்றே. நாமோ பணத்தைக் கடனாகவும் குடையை இரவலாகவும் வாங்குகிறோம். கடனில் அதே தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரவலில் அதே குடை திரும்ப வேண்டும். இஸ்லாமியச் சட்டநூல்களும் முன்னதைக் 'கர்ளு' என்றும் பின்னதை 'ஆரிய்யத்' என்றும் பிரித்தே பேசுகின்றன.

திவாகரமும் பிங்கலமும் போன்ற நிகண்டுகளும், ரோஜெட் 1852இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்றொகுதியும் உறவுச் சொற்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பன. அவற்றின் வேறுபாட்டை அறிய, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதியை நாடுதல் வேண்டும். சொல்லுக்குப் பின் எது வருகிறது என்பதையும் அவ்வாக்கியங்களே காட்டும். 'வர மறுத்தான்' என்பதில் 'வர' என்னும் எச்சத்தை 'ரெஃப்யூஸ்' ஏற்கும், 'டினை' ஏற்காது.

அம்மாணவரின் கடிதத்தில் ஒரு சொல்லை மாற்றி, இரண்டு வரி விளக்கமும் சேர்த்து மீண்டும் அனுப்பினோம். விளக்கம் ஏற்கப்பட்டது, அதற்குள் இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன.