‘ஆஹா!’ என்றொரு விசை

பாடம் நடத்தும் கணிப்பொறி ஒன்றில் ‘ஆஹா!’ என்று பெயரிட்ட ஒரு விசை இருந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், 1960இல் டொனால்ட் பிட்ஸர் என்ற பொறியியலாளரும் அவர் குழுவினரும் ‘பிளேட்டோ’ என்னும் கற்பிக்கும் பொறியமைப்பை உருவாக்கினார்கள். அதன் தொடக்க காலத்தில் இந்த விசை இருந்தது. இன்று கைப்பேசியில் நாம் பார்க்கும் இணையவழிப் பாடங்களுக்கு பிளேட்டோவை ஒரு பாட்டனார் எனலாம்.

அது வேலை செய்த விதத்தைப் பார்ப்போம். மாணவர் எதிரே ஒரு தொலைக்காட்சித் திரை, கையருகே விசைப்பலகை. திரையில் பாடம் பக்கம் பக்கமாக வரும். சில பக்கங்களில் கேள்வியும், விடைக்கு வெற்றிடமும் இருக்கும். விடையை இட்டு ‘தீர்ப்பு’ விசையை அழுத்தினால், சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை தரும்வரை பாடம் மேலே நகராது.

விடை தெரியாவிட்டால் ‘உதவி’ விசை இருக்கிறது. அதை அழுத்தியதும் விடை வந்து விழுந்துவிடாது. கடினமான கேள்வி சிறு சிறு படிகளாகப் பிரிந்து, எளிய துணைக் கேள்விகளாக வரும். இரண்டாவது துணைக் கேள்வியிலேயே உங்களுக்குப் பொறி தட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியையும் கட்டி அழுவானேன்? ‘ஆஹா!’வை அழுத்தினால் போதும், விட்ட கேள்விக்கே திரும்பிவிடலாம். நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவனின் முகம் மலர்வதைப் பார்த்ததும் விளக்கத்தை நிறுத்திவிடுவார் அல்லவா? முகத்தைப் பார்க்க முடியாத கணிப்பொறிக்கு அந்தச் செய்தியைச் சொல்லும் வழிதான் இந்த விசை.

ஆனால் திரையே ஒரு பெரும் தொல்லையாக இருந்தது. சாதாரணத் தொலைக்காட்சித் திரையில் படம் நிலைத்து நிற்க, அதை விநாடிக்குப் பலமுறை திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அதற்குப் படம் முழுவதையும் எங்காவது நினைவில் வைத்திருக்க வேண்டும். கணிப்பொறி நினைவகம் பொன்னை விட அருமையாக இருந்த காலம் அது. மாணவருக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டுமா? ஆகவே 1964இல் பிட்ஸரும், ஸ்லாட்டோ என்பவரும், வில்சன் என்ற ஆராய்ச்சி மாணவரும் சேர்ந்து, படத்தைத் தானே நினைவில் வைத்திருக்கும் திரை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நியான் கலந்த வாயு; தகடுகளின் மீது குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கம்பிகள். இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் மின்னழுத்தம் கூடினால் அங்கே வாயு ஒளிர்கிறது. அப்போது கண்ணாடிச் சுவரில் மின்னூட்டம் தங்கிவிடுவதால், பிறகு குறைந்த மின்னழுத்தத்திலேயே அந்தப் புள்ளி தொடர்ந்து ஒளிரும். பிற்காலத்தில் கடைகளுக்கு வந்த பிளாஸ்மா தொலைக்காட்சி இதன் வாரிசுதான். பாடம் நடத்தப் பிறந்த திரை, படம் காட்டப் போய்விட்டது!

1972 அளவில் வந்த நான்காம் பிளேட்டோவில் இத்திரை 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளிகள் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. விரலால் தொட்டும் விடை சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் திரைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எந்தக் கதிர்களை மறைக்கிறதோ, அதைக் கொண்டு இடம் தெரிந்துவிடும். தட்டச்சு தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம். மரபியல் பாடம் ஒன்றில், மாணவரே பழ ஈக்களைத் தேர்ந்து இனக்கலப்புச் செய்து, குஞ்சுகளின் கண் நிறம், இறக்கை ஆகியவற்றைப் பார்த்து மரபு விதியை ஊகிக்க வேண்டும். விதியை முதலில் சொல்லிவிட்டுப் படம் காட்டுவதில்லை.

இன்றைய ஒளிப்பாடங்களில் படங்கள் அழகு; குரல் இனிமை. ஆனாலும் சிலவற்றில், ஒரு பாடம் முடிந்ததும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமலேயே அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. எல்லாம் புரிந்தது போலிருக்கும். தேர்வுத்தாளின் முன் கை ஓடாது. உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பாடத்தைச் சிறியதாக வெட்டுவதும் அவசியம்தான். 2014இல் வெளியான ஆய்வொன்று, இணையப் பாடங்களை மாணவர்கள் பார்த்த சுமார் 69 இலட்சம் அமர்வுகளைப் பரிசீலித்து, ஆறு நிமிடங்களுக்கு உட்பட்ட பாடங்களிலேயே கவனம் நிற்கிறது என்று கண்டது. ஆனால் ஆறு நிமிடம் சும்மா பார்த்தாலும் சும்மா பார்த்ததுதானே!

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலார் ஒரு சோதனை செய்தனர். ஒரு சாரார் ஒரு சிறு பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்! படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. ஏமாற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கவனியுங்கள். மறுநாளே மறக்கப்போகும் படிப்புத்தான், படித்து முடித்த அந்த நேரத்தில் மிக நன்றாக இருப்பது போல் தோன்றுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள, நீங்கள் இதுவரை பார்த்திராத இரண்டு ஒளிப்பாடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலாவதை இரண்டு முறை பாருங்கள். இரண்டாவதை ஒருமுறை மட்டும் பாருங்கள்; ஆசிரியர் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, விடையைத் தாளில் எழுதிய பிறகே மேலே ஓடவிடுங்கள்; முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். ஒரு வாரம் இரண்டையும் தொட வேண்டாம். எட்டாம் நாள், ஒரு நண்பரை அழைத்து இரு பாடங்களிலிருந்தும் பத்துப் பத்துக் கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தை எப்படிப் படித்தீர்கள் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.