ஒரு வருஷம் பொறுத்தால் என்ன?

பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிள்ளை தூக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, பேச்சற்றுக் கிடந்தால், "கல்லூரிக்குப் போனால் சரியாகிவிடும்" என்று பெட்டி கட்டி அனுப்பாதீர்கள்.

கணித மேதை இராமானுஜனை நினையுங்கள். 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தவர், மற்றப் பாடங்களில் தவறி அதை இழந்தார். 1905-ல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு வருஷமே சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் உடல் நலிந்தது, எஃப்.ஏ. தேறவில்லை. அவருக்கு மனநோய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓடிப்போன பதினேழு வயதுப் பிள்ளைக்கு உடனே வேண்டியது இன்னொரு கல்லூரிதானா?

நம் ஊர்ச் சர்க்கரை ஆலையில் அரவை முடிந்ததும் இயந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்க்கிறார்கள். ஆலை கெட்டது என்று ஊர் பேசுவதில்லை. பிள்ளை ஒரு வருஷம் வீட்டிலிருந்தால் மட்டும் பேசுகிறது! பேசட்டும்.

ஆனால் வைத்தியமில்லாத ஓய்வு போதாது. செபமாலையும் வேண்டும், மனநல வைத்தியரும் வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை தூரமில்லை. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நேரத்துக்குத் தூக்கம், சிறிது கைவேலை, நண்பர் பழக்கம் இவை இருக்கட்டும். கைப்பேசியுடன் அறைக்குள் அடைந்து கிடப்பது ஓய்வன்று. சிலருக்குக் கல்லூரியே நன்மை செய்யலாம். அதையும் வைத்தியரைக் கேட்டே தீர்மானியுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையானால், நிற்குமுன் மருத்துவச் சான்றுடன் முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்பார்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் அதற்கு இடமுண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால் வருகைப் பதிவு குறைந்து, திரும்பச் சேர்வது கடினமாகும்.