குழாய்க்கு ஏற்ற அடைப்பான்

உறையூர் என்றதும் சோழர் தலைநகரும், கைத்தறியும், வெக்காளியம்மன் கோவிலும் நம் நினைவுக்கு வரும். தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்களை யாரும் நினைப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் நினைக்க நேர்ந்தது. மின்னப்பன் தெருப் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கால் துன்புற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று மக்கள் முறையிட்டனர். அரசுத் தரப்பில் அது மறுக்கப்பட்டது. அதில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு குழாய் ஒழுகுகிறதா இல்லையா என்பதை அளந்தே அறியலாம். அதற்கு வேண்டிய முதற்கருவி அடைப்பான். வேலைத்தலத்தில் ‘பிளக்’ என்பார்கள்.

குறுகிய தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே செல்கின்றன. குடிநீர் ஓடும்போது உள்ளழுத்தம் மிகுதி. வெடிப்பு இருந்தால் நீர் வெளியே கசியும். விநியோகம் நின்றதும் அழுத்தம் குறைய, சுற்றியுள்ள அழுக்குநீர் அதே வெடிப்பின் வழியே உள்ளே வரும். வீட்டு மோட்டாரைக் குழாயில் நேரே பூட்டி உறிஞ்சினால் இன்னும் கேடு. (மோட்டார் வைத்திருக்கும் பெற்றோர் பொறுத்தருள்க.) ஆகவே இரண்டு குழாய்களையுமே சோதிக்க வேண்டும்.

சாக்கடைக் குழாயைச் சோதிக்கும் முறையைக் காண்போம். இரண்டு ஆள்நுழை குழிகளுக்கு இடைப்பட்ட பகுதியை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த முனையையும் வீட்டு இணைப்புகளையும் அடைக்கிறார்கள். மேல்முனையில் செங்குத்தாக ஒரு குழாய் நிறுத்தி, 2.5 மீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்புகிறார்கள். குழாய்ச் சுவர் நீரை உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு 10 நிமிடத்தில் குறையும் நீரை அளக்கிறார்கள். விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், நீளத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 லிட்டர் வரை குறையலாம். 15 செ.மீ. விட்டமும் 30 மீட்டர் நீளமும் உள்ள குழாய்க்கு 0.9 லிட்டர்தான் எல்லை. ஒரு சொம்பு நீர்!

இங்கேதான் அடைப்பானின் தேர்வு முக்கியமாகிறது. அடைப்பானே ஒழுகினால் நல்ல குழாய்க்கும் கெட்ட பெயர் வரும். அது பிய்த்துக்கொண்டால் எதிரே இருப்பவருக்கு ஆபத்து. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை என்று நாம் வகுப்பில் படித்தோமல்லவா? 2.5 மீட்டர் நீர் என்றால் சதுர செ.மீ.க்குக் கால் கிலோ, கேட்பதற்கு அற்பம். 15 செ.மீ. குழாயின் அடைப்பான்மீது அது 44 கிலோவாகிறது. விட்டம் 30 செ.மீ. ஆனால் 177 கிலோ. 60 செ.மீ. ஆனால் 707 கிலோ! விட்டம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. குழாய் சரிவாக இருப்பதால் தாழ்ந்த முனையில் அழுத்தம் இன்னும் சற்றுக் கூடும். அந்த முனையைக் கணக்கிட்டே அடைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாக்கைச் சுருட்டித் திணிப்பதும் மரக்கட்டையை அறைவதும் சோதனைக்கு உதவா. சிறு குழாய்க்குத் திருகு அடைப்பான் போதும்: இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம், மரையை முறுக்க, ரப்பர் பிதுங்கிச் சுவரைப் பற்றும். பெரிய குழாய்க்கும், உட்புறம் சொரசொரப்பான பழங்குழாய்க்கும் காற்றடைக்கும் ரப்பர்ப் பை ஏற்றது. அதன்மேல் இரண்டு எண்கள் இருக்கும்: உள்ளே அடைக்கவேண்டிய காற்றழுத்தம் ஒன்று, எதிர்த்துத் தாங்கும் நீரழுத்தம் மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. குழாயின் உள்விட்டத்தை அளந்து, சுவரிலுள்ள சேற்றைக் கழுவிவிட்டே பொருத்த வேண்டும். பின்னால் முட்டுக் கொடுப்பதும் அவசியம்.

குடிநீர்க் குழாயின் கதை வேறு. 10 செ.மீ. குழாயை 6 கிலோ அழுத்தத்தில் சோதித்தால் முனையில் 471 கிலோ தள்ளும். அங்கே ரப்பர்ப் பையை நம்பாமல், போல்ட்டு முடுக்கிய இரும்பு மூடியும் கான்கிரீட் முட்டும் வைப்பதே முறை. சாக்கடையில் கிடந்த அடைப்பானைக் குடிநீர்க் குழாயில் நுழைக்கவே கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

நீருக்குப் பதில் காற்றை நிரப்பிச் சோதிப்பதும் உண்டு. விரைவில் முடியும், ஆனால் அபாயம் அதிகம். நீர் சுருங்காது, காற்றோ சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். அடைப்பான் நழுவினால் குண்டுபோல் பாயும். அழுத்தத்தை முழுதும் இறக்கிய பிறகே அதைத் தளர்த்த வேண்டும். அதன் நேரெதிரே யாரும் நிற்கலாகாது.

பழுதுபார்க்கும்போது மற்றொரு சிக்கல். நாம் அடைத்தாலும் ஊர்க் கழிவுநீர் நிற்காது; அடைப்பானுக்குப் பின்னே தேங்கி உயரும். குழியில் 3 மீட்டர் ஏறினால் 30 செ.மீ. அடைப்பான்மீது 212 கிலோ. அடுத்த குழிக்கு நீரை இறைத்துவிடும் பம்பு தயாராக இருக்க வேண்டும். அல்லது நடுவே துளைக்குழாய் உள்ள அடைப்பானைப் பொருத்தி நீரைக் கடத்திவிட வேண்டும்.

குழிக்குள் நச்சுவாயு இருக்கக்கூடும். தகுந்த பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையில் இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காற்றடைக்கும் பையை நீண்ட கழியில் மாட்டி, தெருவில் நின்றபடியே குழாய்க்குள் செலுத்தும் வகையும் உண்டு. அடைப்பான் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்குமுன் அந்த வசதி உண்டா என்று கேட்கட்டும்.